மைக், ஷூ, வாக்குச்சீட்டு: ஒரு ராப் பாடகரின் புகழ் எங்கெல்லாம் செல்லுபடியாகும்?

2016 பிப்ரவரியில் அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் ட்விட்டரில் புலம்பினார். தனக்கு 5 கோடியே 30 லட்சம் டாலர் கடன் இருக்கிறதாம். கையோடு மார்க் சக்கர்பர்க்கைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, தன்னுடைய யோசனைகளில் 100 கோடி டாலர் போடச் சொன்னார். ஃபேஸ்புக் முதலாளியிடம் ட்விட்டரில் போய்ப் பணம் கேட்கிறாரே என்று ஊரே சிரித்தது. நான்கு வருஷம் கழித்து, 2020 ஏப்ரலில், ஃபோர்ப்ஸ் இதழ் அவர் சொத்தை 130 கோடி டாலர் என்று மதிப்பிட்டது. அவருக்கு அதுவும் போதவில்லை. 330 கோடி இருக்கிறது, ஃபோர்ப்ஸில் யாருக்கும் எண்ணத் தெரியவில்லை என்று சண்டைக்குப் போனார். அதே வருஷம் நவம்பரில் அமெரிக்க அதிபர் தேர்தலில் நின்று, நாடு முழுக்க அவர் வாங்கியது சுமார் 70 ஆயிரம் ஓட்டு.

ஆளும் ஒருவர்தான், புகழும் ஒன்றுதான். ஆனால் பாட்டில் அதற்கு ஒரு விலை, ஷூவில் ஒரு விலை, வாக்குச்சாவடியில் ஒரு விலை. ராப் பாடகர்கள் தொழிலதிபராவதையும் அரசியலுக்கு வருவதையும் செய்திகளில் அடிக்கடி பார்க்கிறோம். 'புகழ் இருக்கிறது, அதனால் எதுவும் நடக்கும்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். உண்மையில் புகழுக்கும் பணத்துக்கும் நடுவே ஓர் ஒப்பந்தம் இருக்கிறது. புகழுக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு சட்டப் புத்தகமே இருக்கிறது. ராப் கேட்கிற பழக்கம் இல்லாதவருக்கும் புரிகிற மாதிரி, கான்யேவை வைத்தே இதைப் பார்ப்போம். 2021-ல் அவர் தன் பெயரைச் சட்டப்படி 'யே' என்று மாற்றிக்கொண்டார். குழப்பம் வேண்டாம் என்று இங்கே பழைய பெயரிலேயே சொல்கிறேன்.

பாட்டுப் பணம் யாருக்குப் போகிறது?

ஒரு பாட்டில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. வரிகளும் மெட்டும் ஒன்று. ஸ்டுடியோவில் பதிவான அந்த ஒலி இன்னொன்று. ஒலிப்பதிவின் உரிமையைத்தான் இசைத்துறையில் 'மாஸ்டர்' என்கிறார்கள். புதிதாக வருகிற பாடகரிடம் இசை நிறுவனம் அட்வான்ஸ் கொடுத்து ஒப்பந்தம் போடும்போது, வழக்கமாக மாஸ்டர் நிறுவனத்தின் கைக்குப் போய்விடும். பாடகருக்கு ராயல்டி, அதாவது வருமானத்தில் ஒரு சதவீதம். அந்த ராயல்டியும் உடனே கைக்கு வராது. முதலில் அட்வான்ஸ் கழிய வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அட்வான்ஸ் 10 லட்சம் டாலர், ராயல்டி 15 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆல்பம் 50 லட்சம் டாலர் வசூல் செய்கிறது. பாடகரின் பங்கு ஏழரை லட்சம். அட்வான்ஸில் அது கழிந்த பிறகும் இரண்டரை லட்சம் பாக்கி. வசூலான 50 லட்சமும் நிறுவனத்தின் கையில்தான், கொடுத்த அட்வான்ஸைக் கழித்தாலும் 40 லட்சம் மிச்சம், ஆனால் ஏட்டில் பாடகர் இன்னும் கடன்காரர். வீடியோ செலவு, ஸ்டுடியோ செலவு என்று மேலும் சிலதை அவர் கணக்கிலேயே எழுதுகிற ஒப்பந்தங்களும் உண்டு. ஊரெல்லாம் அவர் பாட்டு ஒலிக்கும்போதே அவர் வாடகைக்குத் திண்டாடுவது இப்படித்தான் நடக்கிறது.

கான்யே இதை உள்ளிருந்து பார்த்தவர். 1977-ல் பிறந்து சிகாகோவில் வளர்ந்தார். அம்மா டோண்டா வெஸ்ட் ஆங்கிலப் பேராசிரியை. மகனோ கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுப் பிறருக்குத் தாளமும் இசைத் துணுக்கும் அமைத்துக் கொடுக்கும் வேலைக்குப் போனார். ராப் பாடகர் ஜே-இசட் 2001-ல் வெளியிட்ட ஆல்பத்துக்குச் செய்த வேலையில் பெயர் கிடைத்தது. 2004-ல் சொந்த ஆல்பம் வந்தது. அப்புறம் விருது, கோபம், மேடைச் சண்டை எல்லாம் வரிசையாக வந்தன; அவற்றைக் கிசுகிசுப் பக்கங்களுக்கு விட்டுவிடலாம். நமக்கு வேண்டியது 2020 செப்டம்பரில் நடந்தது. யுனிவர்சல் இசை நிறுவனத்துடன் தான் போட்ட ஒப்பந்தங்களைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து ட்விட்டரில் போட்டார், மாஸ்டர்களைத் தன்னிடம் கொடு என்று கேட்டார். போட்ட விதம் ரகளையாக இருந்தாலும், இசை ஒப்பந்தம் எப்படி இருக்கும் என்று அறிய விரும்பியவர்களுக்கு அது ஒரு நல்ல பாடம்.

ஜே-இசட் இந்தச் சிக்கலை ஆரம்பத்திலேயே தவிர்த்தவர். பெரிய நிறுவனம் எதுவும் ஒப்பந்தம் தராததால், இரண்டு நண்பர்களோடு சேர்ந்து ராக்-அ-ஃபெல்லா என்ற சொந்த நிறுவனத்தை ஆரம்பித்து, 1996-ல் முதல் ஆல்பத்தை அதிலேயே வெளியிட்டார். கதவு மூடியிருந்ததால்தான் முதலாளி ஆனார் என்றுகூடச் சொல்லலாம்.

சம்பளமா, ராயல்டியா, பங்கா?

ராப் பாட்டுக்கும் கடைப் பொருளுக்கும் தொடர்பு பழையது. பாட்டிலேயே சட்டை, கார், செருப்பு, மதுவகை எல்லாம் பெயரோடு வரும். 1986-ல் ரன்-டிஎம்சி குழு அடிடாஸ் ஷூவைப் பற்றியே ஒரு பாட்டுப் பாடியது. நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த கச்சேரியில், எல்லாரும் ஷூவைக் கழற்றித் தூக்கிக் காட்டுங்கள் என்று குழு சொன்னதும், கூட்டத்தில் ஆயிரக்கணக்கான அடிடாஸ் ஷூக்கள் உயர்ந்தன. அதைப் பார்க்க அடிடாஸ் ஆள் ஒருவரை முன்கூட்டியே அழைத்து வந்திருந்தார்கள். சுமார் 10 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. விளையாட்டு வீரர் அல்லாதவர்களுக்கு ஷூ நிறுவனம் பணம் கொடுப்பது அப்போது புதுசு.

இந்த வகை ஒப்பந்தம் விளம்பரத் தூதர் வேலை. பேசிய தொகையை வாங்கிக்கொள்ளலாம். பொருள் எவ்வளவு விற்றாலும் பாடகருக்கு அதே தொகைதான். அதற்கு மேலே ஒரு படி ராயல்டி. விற்க விற்க ஒரு சதவீதம் வரும். அதற்கும் மேலே பங்கு. நிறுவனத்தில் ஒரு பகுதியே நம்முடையது என்பதால், அதை யாராவது வாங்கும்போது பெரிய தொகை வரும்.

பங்கின் பலத்தைக் காட்டியவர் '50 சென்ட்' என்ற பெயர்கொண்ட ராப் பாடகர். குளாசியோ நிறுவனத்தின் வைட்டமின்வாட்டர் பானத்துக்கு விளம்பரம் செய்ய வந்தவர், வெறும் பணம் வாங்காமல் பங்கும் வாங்கிக்கொண்டார். 2007-ல் கோகோ கோலா அந்த நிறுவனத்தை 410 கோடி டாலருக்கு வாங்கியபோது அவருக்குப் பல கோடி டாலர் கிடைத்தது. ஜே-இசட் 1999-ல் நண்பரோடு தொடங்கிய ராக்கவேர் உடை பிராண்டை அதே 2007-ல் 20 கோடியே 40 லட்சம் டாலருக்கு விற்றார். ராப் பாடகர் டாக்டர் டிரேயும் இசைத்துறைக்காரர் ஜிம்மி அயோவினும் தொடங்கிய பீட்ஸ் ஹெட்ஃபோன் நிறுவனத்தை 2014-ல் ஆப்பிள் 300 கோடி டாலருக்கு வாங்கியது. மூன்றிலுமே பாட்டு செய்த வேலை கூட்டம் சேர்த்ததுதான். பணம் வந்தது பங்குப் பத்திரத்தில்.

கான்யே போன வழி இரண்டாவது படியில் நிற்கிறது. 2009-ல் நைக்கியோடு சேர்ந்து 'ஏர் யீசி' ஷூவைக் கொண்டுவந்தார். கடைக்கு வந்த வேகத்தில் தீர்ந்தது. வாங்கியவர்களே பல மடங்கு விலைக்கு மறுவிற்பனை செய்தார்கள். ஆனால் அவர் ராயல்டி கேட்டபோது நைக்கி தரவில்லை. விளையாட்டு வீரருக்குத்தான் ராயல்டி, பாடகருக்குக் கிடையாது என்கிறார்கள் என்று 2013-ல் வானொலிப் பேட்டிகளில் கொதித்தார். அந்த வருஷக் கடைசியில் அடிடாஸுக்குத் தாவினார். அடிடாஸ் ராயல்டி தர ஒப்புக்கொண்டது.

கணக்கில் இது அவருக்கு எவ்வளவு பெரிய மாற்றம் என்று பாருங்கள். 2015-ல் வந்த யீசி பூஸ்ட் 350 ஷூவின் விலை 200 டாலர். ஒரு ஆல்பத்தை ரசிகர் ஒரு தடவைதான் வாங்குவார், அதுவும் பத்துப் பதினைந்து டாலருக்கு. ஸ்ட்ரீமிங் வந்த பிறகு அதுவும் இல்லை. ஒரு முறை கேட்டால் ஒரு சென்ட்டுக்கும் குறைவு. ஆனால் அதே ரசிகர் நீலம், கறுப்பு, வரிக்குதிரைக் கோடு என்று நிறத்துக்கொரு ஜோடியாக நாலு ஜோடி வாங்குவார். கொஞ்சமாகத் தயாரித்து, தேதி குறித்து, சில நிமிஷங்களில் தீர்ந்துபோகிற மாதிரி விற்றார்கள். அந்தத் தட்டுப்பாடே விளம்பரம். தொழிற்சாலை, கப்பல், கிடங்கு எல்லாம் அடிடாஸின் தலைவலி. கான்யேவுக்கு வடிவமைப்பும் பெயரும் ராயல்டியும். 2016-ல் கடனைச் சொல்லிப் புலம்பியவரை 2020-ல் பில்லியனர் பட்டியலில், அதாவது 100 கோடி டாலருக்கு மேல் சொத்துள்ளவர்கள் பட்டியலில், ஏற்றியது இந்த ஒப்பந்தம்தான்.

இந்த ஒப்பந்தத்தில் யாரும் கவனிக்காத சின்ன எழுத்தில் ஒரு விஷயம் இருந்தது. 'யீசி' என்ற பெயர் கான்யேவுடையது. ஷூவின் வடிவங்கள் அடிடாஸுடையவை. நன்றாகப் போகிறவரை இந்த வித்தியாசத்தை யாரும் கவனிக்கவில்லை.

ஓட்டு வாங்கப் புகழ் போதாது

அரசியலை அவர் திடீரென்று தொடவில்லை. 2005 செப்டம்பரில் கத்ரீனா புயல் நிவாரணத்துக்காக நடந்த நேரலை நிகழ்ச்சியில், எழுதிக் கொடுத்ததை விட்டுவிட்டு, அதிபர் புஷ்ஷுக்குக் கறுப்பின மக்கள் மேல் அக்கறை இல்லை என்று சொல்லிவிட்டார். 2015-ல் எம்டிவி விருது மேடையில் 2020 தேர்தலில் நிற்கப் போவதாக அறிவித்தபோது எல்லாரும் வேடிக்கை என்று நினைத்தார்கள். 2018 அக்டோபரில் டிரம்ப்பின் சிவப்புத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வெள்ளை மாளிகையில் அவரைச் சந்தித்தார். 13 வருஷத்தில் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு வந்திருந்தார். ரசிகருக்கு இது பிரச்சினை இல்லை, பாட்டு நன்றாக இருந்தால் போதும். வாக்காளருக்கு இவர் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும்.

2020 ஜூலை 4 அன்று, சுதந்திர தினத்தில், அதிபர் தேர்தலில் நிற்பதாக ட்வீட் போட்டார். தேர்தல் நவம்பர் 3. நான்கு மாதம்தான் இருந்தது. கட்சிக்கு 'பர்த்டே பார்ட்டி', அதாவது 'பிறந்தநாள் கட்சி' என்று பெயர் வைத்தார். நாம் ஜெயித்தால் எல்லாருக்கும் பிறந்தநாள் என்பது அவர் சொன்ன காரணம்.

இங்கே அமெரிக்கத் தேர்தல் முறையைக் கொஞ்சம் புரிந்துகொள்ள வேண்டும். அதிபர் தேர்தலுக்கு அங்கே ஒரே இடத்தில் வேட்புமனு கொடுக்க முடியாது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி மனு, தனி விதி, தனிக் கடைசித் தேதி. பெரிய கட்சிகளுக்கு வாக்குச்சீட்டில் இடம் உறுதி. சுயேச்சையாக வருகிறவர் அந்த மாநில வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். சில இடங்களில் சில ஆயிரம் போதும், சில இடங்களில் பல்லாயிரம் வேண்டும். ஒவ்வொரு கையெழுத்தையும் எதிர்த்தரப்பு சோதித்துப் பார்க்கலாம். முகவரி தப்பாக இருந்தால் அடிபடும். கான்யே ட்வீட் போட்ட அன்றே டெக்சாஸ், வட கரோலினா போன்ற மாநிலங்களில் தேதி முடிந்துபோயிருந்தது.

ஓக்லஹோமாவில் சுலபமாக முடிந்தது. அங்கே கையெழுத்துக்குப் பதிலாக 35 ஆயிரம் டாலர் கட்டினால் போதும். பணத்தால் தீர்கிற இடத்தில் அவருக்குச் சிக்கலே இல்லை. சொந்த மாநிலமான இல்லினாயில் வேண்டியது 2,500 கையெழுத்து. அவர் தரப்பு கொடுத்தது 3 ஆயிரத்துக்கு மேல், ஆனால் சரிபார்த்தபோது பாதிக்கு மேல் செல்லவில்லை. சிகாகோவின் புகழ்பெற்ற மகனுக்குச் சொந்த ஊர் வாக்குச்சீட்டில் இடமில்லை.

விஸ்கான்சினில் நடந்தது இன்னும் சுவாரசியம். ஆகஸ்ட் 4, மாலை 5 மணிக்குள் மனு போய்ச் சேர வேண்டும். அவருடைய ஆட்கள் கட்டடத்துக்குள் நுழைந்து, தாள்களோடு அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது 5 மணி தாண்டிச் சில நொடிகள். 5:01 ஆகிறவரை அது 5 மணிதான் என்று அவர் தரப்பு வாதாடியது. தேர்தல் ஆணையம் ஏற்கவில்லை. வழக்கும் எடுபடவில்லை. அந்தத் தாள்களைக் கொண்டுவந்தவர் டிரம்ப்பின் பிரசாரத்துக்கும் வேலை பார்த்த வழக்கறிஞர் என்பது தெரிந்ததும் வேறு பேச்சு கிளம்பியது. கான்யே ஜெயிக்க மாட்டார். ஆனால் பைடனுக்குப் போக வேண்டிய கறுப்பின இளைஞர்களின் ஓட்டில் கொஞ்சத்தைப் பிரித்தால் டிரம்ப்புக்கு லாபம் என்ற கணக்கு. பைடனின் ஓட்டைப் பிரிக்கிறீர்களா என்று ஃபோர்ப்ஸ் கேட்டபோது கான்யே மறுக்கவில்லை. கடைசியில் விஸ்கான்சினில் பைடன் ஜெயித்த வித்தியாசம் 20 ஆயிரத்துச் சொச்சம்தான் என்பதைப் பார்த்தால், அந்தச் சில நொடிகள் மேல் ஏன் இத்தனை வழக்கு என்று புரியும்.

பிரசாரம் என்று பார்த்தால், தென் கரோலினாவின் நார்த் சார்ல்ஸ்டனில் ஜூலை 19 அன்று ஒரு கூட்டம். தலையில் '2020' என்று மழித்துக்கொண்டு, குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு வந்தார். மைக் இல்லை. எல்லாரும் அமைதியாக இருங்கள், அப்போதுதான் கேட்கும் என்றார். மைக்கால் பிழைத்தவர் மைக் இல்லாமல் பிரசாரம் செய்ததை என்னவென்று சொல்ல! அடிமைகளை மீட்ட ஹாரியட் டப்மனைப் பற்றித் தப்பாகப் பேசியதும் கூட்டத்தில் சிலர் எழுந்து போனார்கள். பேச்சின் நடுவே அழுதார்.

கடைசியில் 12 மாநில வாக்குச்சீட்டுகளில்தான் அவர் பெயர் வந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை என்று தேர்வாளர் வாக்குகள் ஒதுக்கப்பட்டிருக்கும்; அதிபராக அதில் 270 வேண்டும். அந்த 12 மாநிலத்தையும் முழுசாக ஜெயித்திருந்தாலும் கிடைத்திருப்பது 84. ஓட்டுப் போடுவதற்கு முன்பே தோற்றுவிட்டார் என்று அர்த்தம். சொந்தப் பணத்தில் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவழித்தார். ஓட்டுக்கு 140 டாலருக்கும் மேல் ஆகிறது. ஒரு ஷூவின் விலையில் முக்கால் பங்கு. வயோமிங்கில் தன் பண்ணைக்குப் பக்கத்து ஊரில் ஓட்டுப் போட்டார். வாழ்க்கையில் அதுதான் முதல் ஓட்டு என்று அவரே சொன்னார். அந்த மாநில வாக்குச்சீட்டில் அவர் பெயர் இல்லாததால், தன் பெயரைக் கையால் எழுதிப் போட வேண்டியிருந்தது.

அப்படியானால் ராப் பாடகர் தேர்தலில் ஜெயிக்கவே முடியாதா? முடியும். நேபாளத்தில் பாலேன் ஷா என்ற ராப் பாடகர் 2022-ல் காத்மாண்டு மேயர் தேர்தலில் சுயேச்சையாக நின்று, 61 ஆயிரத்துக்கு மேல் ஓட்டு வாங்கி, பெரிய கட்சிகளின் ஆட்களைத் தோற்கடித்தார். கான்யே ஒரு பெரிய நாடு முழுக்க வாங்கியதை இவர் ஏறக்குறைய ஒரே நகரத்தில் வாங்கினார். பாலேன் கட்டட அமைப்புப் பொறியாளர். பிரசாரத்தில் பேசியது குப்பை, போக்குவரத்து, மாநகராட்சியின் அன்றாட நிர்வாகம். பாட்டில் அரசியல்வாதிகளைத் திட்டியதால் கூட்டம் வந்தது. வந்த கூட்டத்திடம் உங்கள் தெருக் குப்பையை எடுக்கிறேன் என்று சொன்னதால் ஓட்டு வந்தது. ஒரே நகரம், ஒரே மனு, ஒரே தேதி என்பதும் அவருக்குச் சாதகம். 2010-ல் ஹைட்டி அதிபர் தேர்தலில் நிற்க வந்த ராப் பாடகர் வைக்ளெஃப் ஜானுக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை. தொடர்ந்து ஐந்து வருஷம் நாட்டில் குடியிருந்திருக்க வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. பிறந்த நாடு, பெரும் புகழ் எல்லாம் இருந்தும் தேர்தல் மன்றம் மனுவைத் தள்ளியது.

வாய் திறந்ததும் ஷூ போனது

தொழிலும் அரசியலும் தனித்தனி அறைகள் என்று கான்யே நினைத்திருக்கலாம். 2022 அக்டோபரில் யூதர்களுக்கு எதிராக அவர் வெறுப்பைக் கக்கத் தொடங்கினார், ஒரு தடவை இல்லை, தொடர்ந்து பல பேட்டிகளில். உடை விற்பனைக் கூட்டாளியான கேப் நிறுவனத்தோடு அதற்கு முந்தைய மாதமே அவரே ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டிருந்தார். மற்ற நிறுவனங்கள் ஒவ்வொன்றாக விலகின. கடைசியில் அக்டோபர் 25 அன்று அடிடாஸ் ஒப்பந்தத்தை முறித்தது. மறுபடி ஃபோர்ப்ஸ் கணக்குப் போட்டது: சொத்து 40 கோடி டாலர், பில்லியனர் பட்டியலில் இடமில்லை. அவர் செல்வத்தின் பெரும்பகுதி வங்கியில் இருந்த பணம் இல்லை. அடிடாஸிடமிருந்து இனிமேல் வரப்போகும் ராயல்டியின் மதிப்பு. ஒப்பந்தம் போனதும் அந்த மதிப்பும் போனது. 50 சென்ட் மாதிரிப் பங்கை விற்றுக் காசாக்கியிருந்தால், அப்புறம் என்ன உளறினாலும் அந்தக் காசு கையில் இருந்திருக்கும்.

அப்போதுதான் அந்தச் சின்ன எழுத்து வேலை செய்தது. வடிவங்கள் எல்லாம் எங்களுடையவை என்று அடிடாஸ் அறிவித்தது. பெயரை எடுத்துக்கொண்டு கான்யே போகலாம். ஷூவை எடுத்துக்கொண்டு போக முடியாது. அடிடாஸின் நிலைமையும் சுகமில்லை. கிடங்கில் தேங்கிய ஷூக்களை விற்காமல் விட்டால் 120 கோடி யூரோ வருமானம் போகும் என்று முதலீட்டாளர்களிடம் சொல்ல வேண்டி வந்தது. எரிக்கலாமா, பெயரை மறைத்து விற்கலாமா என்றெல்லாம் யோசனை போனது. 2023 மே முதல் தவணை தவணையாக விற்றார்கள். ஒரு பகுதியை யூத வெறுப்பை எதிர்க்கும் அமைப்புகளுக்குக் கொடுத்தார்கள். பழைய ஒப்பந்தத்தில் தயாரான சரக்கு என்பதால், விற்ற ஷூக்களுக்கு அவருக்கு ராயல்டி கொடுக்க வேண்டிய கடமையும் இருந்தது. இரண்டு தரப்பும் போட்ட வழக்குகள் 2024 அக்டோபரில் சமரசத்தில் முடிந்தன. யாரும் யாருக்கும் பணம் தர வேண்டியதில்லை என்று அடிடாஸ் சொன்னது.